ஒருமுறை எழுதிப் பலவிடத்துப் பயன்கொள்ளல்

ஓர் இயந்திரத்தின் பயன்பாட்டுக் கையேட்டில் உள்ள எச்சரிக்கை, பழுதுநீக்கும் கையேட்டிலும் பயிற்சி நூலிலும் இடம்பெறும். அதனை ஓரிடத்தில் திருத்தி, மற்றோரிடத்தில் விட்டுவிட்டால், பழையதை நம்பிச் செயல்படும் பணியாளரின் உயிருக்கே ஊறு நேரலாம். இக்குறையைக் களையத் துணைபுரிவதே உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்.

இவ்வகை மென்பொருளில் ஒவ்வொரு செய்தியும் தனித்தனி அலகாகச் சேமிக்கப்படும். கையேடுகள் பலவும் அவ்வலகையே எடுத்தாளும். மூலத்தைத் திருத்தி மீண்டும் வெளியிட்டால், அனைத்துக் கையேடுகளிலும் திருத்தம் அமையும். இம்முறைக்கென ஐபிஎம் நிறுவனம் உருவாக்கிய ‘டிட்டா’ என்னும் எக்ஸ்எம்எல் கட்டமைப்பை, ஓயாசிஸ் அமைப்பு 2005இல் பொதுத்தரமாக ஏற்றது.

மென்பொருளைத் தேர்வோர் விலையை மட்டும் நோக்கலாகாது. யார், எப்போது, எதனை மாற்றினார் என்னும் வரலாறு காக்கப்படுகிறதா? வல்லுநரின் ஒப்புதல் பெறாத பகுதி வெளியாகாமல் தடுக்கப்படுகிறதா? மாறிய அலகுகளை மட்டும் மொழிபெயர்ப்புக்கு அனுப்ப இயலுமா? பின்னாளில் வேறு மென்பொருளுக்கு மாற நேர்ந்தால், உள்ளடக்கத்தைப் பொதுத்தர வடிவில் மீட்க இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை காணவேண்டும்.

ஒரே கையேட்டை எழுதும் சிறு குழுவிற்கு, ‘கிட்’ போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியே போதுமானதாகலாம். எனவே, தேவையை முதலில் வரையறுத்து, அதற்கேற்ற கருவியைப் பின்னர்த் தேர்தலே முறையாகும்.