பக்கத்துக் கட்டிலுக்குத் தையல், தம்பிக்கு ஏன் பை?

மோட்டார் சைக்கிள் விபத்தில் வயிற்றில் அடிபட்டுக் குடல் கிழிந்தால் எல்லாருக்கும் ஒரே மாதிரி அறுவை சிகிச்சை நடப்பதில்லை. தம்பியின் வார்டில் இதை நேரிலேயே பார்த்தேன். பக்கத்துக் கட்டில் இளைஞருக்கும் ஹேண்டில் குத்திய காயம்தான். அவருக்கு வெறும் தையல். தம்பிக்கோ மலம் சேர வயிற்றில் ஒரு பை. "நம்ம பிள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

அறுவை மருத்துவர் காகிதத்தில் வரைந்து காட்டினார். அந்த இளைஞருக்குக் கிழிந்தது சிறுகுடல். அதில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், கிருமியும் குறைவு. சின்ன ஓட்டை என்றால் ஓரத்தைச் சுத்தம் செய்து தைத்துவிடலாம். ஓட்டைகள் அருகருகே பல இருந்தாலோ, ரத்தம் கிடைக்காமல் குடல் கறுத்துப் போனாலோ அந்தப் பகுதியை வெட்டியெடுத்து இரு முனைகளையும் இணைப்பார்கள். இணைக்கக் கைத்தையலா, ஸ்டேப்லரா? மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. வீங்கிய குடலுக்குக் கைத்தையலே மேல் என்பவர்கள் பலர்.

தம்பிக்குக் கிழிந்தது பெருங்குடல். அங்கே கிருமிகள் ஏராளம். போட்ட தையல் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டாம் உலகப் போரில் பெருங்குடல் காயம் என்றாலே குடலை வெளியே எடுத்துவிடுவதுதான் ராணுவ மருத்துவர்களின் விதி. 1979இல் அமெரிக்காவில் ஸ்டோன், ஃபேபியன் என்ற இரு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, தகுந்த நோயாளிகளுக்கு நேரடியாகத் தைப்பதே போதும் என்று காட்டியது. அதன்பின் பை வைப்பது படிப்படியாகக் குறைந்தது.

'தகுந்த' என்ற அந்தச் சொல்லில்தான் தம்பி சிக்கிக்கொண்டான். ரத்தம் நிறையப் போய், உடம்பு சில்லிட்டிருந்தது. முதல் நாள் ரத்தக் கசிவை நிறுத்தி, குடல் முனைகளை அடைத்துவிட்டு ஐசியுவுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் கழித்துத் திறந்தபோதும் குடல் வீங்கியே இருந்தது.

"இணைச்சும் அனுப்பியிருக்கலாம்மா. பிரிஞ்சு போச்சுன்னா அப்புறம் காப்பாத்தறது ரொம்பக் கஷ்டம்," என்றார் டாக்டர். அம்மா அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொன்னார். வயிற்றில் அடிபட்டவருக்குக் குடல் கிழிந்தது சில மணி நேரம் வெளியே தெரியாமலே இருக்கலாம். முதல் ஸ்கேனிலும் தப்பிவிடலாம். வீடு திரும்பிய பிறகு வலி கூடினாலோ, வாந்தி, காய்ச்சல் வந்தாலோ உடனே திரும்பி வரவேண்டுமாம்.

பையை மாற்றத் தாதி சொல்லிக்கொடுத்தார். இப்போது தம்பி தானே அளவெடுத்து வெட்டி ஒட்டிக்கொள்கிறான். மூன்று மாதம் முடிந்ததும் பரிசோதித்துப் பார்த்து, குடலை மறுபடி இணைக்கத் தேதி கொடுப்பார்கள்.