குறைந்த தொகை இணையப் போக்கர்: உத்தி, நிகழ்தகவு, சட்டம்

போக்கர் என்பது 52 சீட்டுகள் கொண்ட கட்டை வைத்துப் பந்தயம் கட்டி ஆடப்படும் சீட்டாட்டம் ஆகும். ஒவ்வோர் ஆட்டமும் முடிந்தவுடன் பணம் கைமாறும் வகை 'கேஷ் கேம்' எனப்படும். இதில் ஆடுபவர் விரும்பும் நேரத்தில் மேசையில் அமரலாம். விரும்பும் நேரத்தில் எழுந்து போகலாம். கைப்பேசி வழியாக ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் பந்தயத்தில் ஆடப்பட்ட இத்தகைய ஆட்டங்கள் கல்லூரி மாணவர்களையும் ஈர்த்தன.

போக்கர் திறமை ஆட்டமா, சூதாட்டமா என்ற கேள்வி 2020 முதல் தமிழ்நாட்டின் சட்டமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் பலமுறை எழுந்தது. அதனுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு கேள்வியும் உண்டு. திறமை ஆட்டம் என்றால், திறமையாக ஆடுபவருக்குப் பணம் மிஞ்சுமா? இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். முதலாவதற்கு நீதிமன்றம் விடை சொல்லும். இரண்டாவதற்குக் கணக்குதான் விடை சொல்லும். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே கீழே உள்ள உத்திகள் நிகழ்தகவுப் பாடமாகவே விளக்கப்படுகின்றன.

ஆட்டத்தின் அமைப்பு

இணையத்தில் பெரிதும் ஆடப்பட்டது 'டெக்சஸ் ஹோல்டம்' என்னும் வகை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பின்னர் மேசையின் நடுவே மூன்று, ஒன்று, ஒன்று என ஐந்து பொதுச் சீட்டுகள் திறக்கப்படும். இடையே நான்கு பந்தயச் சுற்றுகள் நடக்கும். ஏழு சீட்டுகளில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவருக்கு நடுவில் குவிந்த பணம் கிடைக்கும். மற்ற அனைவரும் விலகிவிட்டால், எஞ்சியவர் தம் சீட்டைக் காட்டாமலே குவியலை எடுத்துக்கொள்வார்.

தொடக்கச் சீட்டுத் தேர்வு

52 சீட்டுகளிலிருந்து இரண்டை 1326 வகையாக எடுக்கலாம். அவற்றுள் ஒரே மதிப்புள்ள இணைகள் 78. எனவே இணை கிடைக்கும் நிகழ்தகவு 78/1326, அதாவது 17இல் ஒன்று. இரண்டு ஏஸ் கிடைப்பது 221இல் ஒன்று. நல்ல சீட்டுகள் அரிதாகவே வரும் என்பதை இது காட்டுகிறது. குறைந்த தொகை மேசைகளில் பலர் எந்தச் சீட்டு வந்தாலும் விலகாமல் ஆடுவது வழக்கம். ஆகவே பெரும்பாலான சீட்டுகளைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுவதும், நல்ல சீட்டு வரும்போது தயங்காமல் பந்தயத்தை உயர்த்துவதும் முதல் உத்தி.

இரண்டாவது உத்தி இருக்கையைச் சார்ந்தது. கடைசியாக முடிவெடுப்பவர் மற்றவர்கள் செய்ததைப் பார்த்த பிறகு முடிவெடுக்கிறார். அதனால் கடைசி இருக்கையில் சற்றுக் கூடுதலான சீட்டுகளையும், முதல் இருக்கையில் மிகச் சிலவற்றையும் ஆடுவர்.

குவியல் கணக்கு

மூன்றாவது உத்தி, போட வேண்டிய பணத்தை வெல்லக்கூடிய பணத்துடன் ஒப்பிடுவது. நான்கு பொதுச் சீட்டுகள் திறந்துவிட்டன என்க. ஒருவரிடம் உள்ள இரண்டையும் சேர்த்து நான்கு ஹார்ட் சீட்டுகள் உள்ளன. ஐந்தாவது ஹார்ட் வந்தால் அவர் வெல்வார், வராவிட்டால் தோற்பார், அதற்குப் பின் பந்தயம் இல்லை என்று எடுத்துக்கொள்வோம். காணாத சீட்டுகள் 46. அவற்றில் ஹார்ட் 9. வெல்லும் நிகழ்தகவு 9/46, அதாவது சுமார் 19.6 விழுக்காடு.

நடுவில் ரூ.80 இருக்கிறது, எதிராளி ரூ.20 பந்தயம் கட்டுகிறார். இப்போது ரூ.100ஐ வெல்ல ரூ.20 போட வேண்டும். நட்டமில்லாமல் இருக்கத் தேவையான நிகழ்தகவு 20/120, அதாவது 16.7 விழுக்காடு. கையில் இருப்பது அதைவிட அதிகம் என்பதால் தொடரலாம். சராசரி ஆதாயம் சுமார் ரூ.3.48. எதிராளி ரூ.20க்குப் பதில் ரூ.80 கட்டினால் தேவையான நிகழ்தகவு 80/240, அதாவது 33.3 விழுக்காடு ஆகிவிடும். அப்போது தொடர்பவருக்குச் சராசரியாக ரூ.33 நட்டம். அதே சீட்டுகள்தாம், ஆனால் முடிவு நேர்மாறானது. போக்கரில் திறமை என்று சொல்லப்படுவதன் அடிப்படை இதுதான்.

கமிஷன் என்னும் ஏழாவது ஆட்டக்காரர்

சிதம்பரத்தில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் ஆறு மாணவர்கள் ஆளுக்கு 200 புளியங்கொட்டை வைத்து ஆடுகிறார்கள் என்க. விடிய விடிய ஆடினாலும் மொத்தம் 1200 புளியங்கொட்டை அப்படியே இருக்கும். யாரிடம் எவ்வளவு என்பது மட்டுமே மாறும்.

இணைய மேசை அப்படியன்று. ஒவ்வொரு குவியலிலிருந்தும் நிறுவனம் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். இதற்கு 'ரேக்' என்று பெயர். எடுத்துக்காட்டாக, அது 5 விழுக்காடு என்றும், சராசரிக் குவியல் ரூ.40 என்றும் கொண்டால், ஓர் ஆட்டத்துக்கு ரூ.2 கழியும். கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்துப் பயண நேரமான ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கைப்பேசியில் 60 ஆட்டங்கள் முடிந்துவிடும். கழிந்தது ரூ.120. ஆளுக்கு ரூ.200 வீதம் மேசைக்கு வந்த ரூ.1200க்கு இணையான தொகை, பத்து மணி நேரத்தில் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்திருக்கும். ஆறு பேரும் சமமான திறமை உள்ளவர்கள் என்றால் ஆறு பேருமே தோற்பார்கள்.

மேலே கண்ட ரூ.3.48 ஆதாயத்தையும் மீண்டும் பார்க்கலாம். ரூ.120 குவியலில் ரூ.6 கழிந்தால், வெல்பவருக்கு ரூ.100க்குப் பதில் ரூ.94தான் மிஞ்சும். சராசரி ஆதாயம் ரூ.2.30 ஆகக் குறையும். சரியான முடிவின் பலனில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. தவறான முடிவுகளின் நட்டமோ குறையவில்லை. பெரிய தொகை மேசைகளில் ரேக்குக்கு உச்சவரம்பு இருப்பதால் அதன் சுமை விகிதத்தில் குறைவு; சிறு தொகை ஆடுபவருக்கே சுமை அதிகம்.

இதன் மேல் வரியும் சேர்ந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் நிகர வெற்றித் தொகையில் 30 விழுக்காடு வருமான வரி பிடிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் செலுத்தும் தொகைக்கு 28 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்பட்டது. இவ்வளவையும் தாண்டும் அளவுக்கு மற்றவர்களைவிடத் திறமை வேண்டும். மேசையில் அத்தகையவர் ஒருவர் இருந்தால், அவருடைய ஆதாயம் மற்ற ஐவரின் நட்டத்திலிருந்துதான் வர முடியும்.

திறமை வெளிப்பட எடுக்கும் காலம்

2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'லிப்ராடஸ்' என்னும் கணினி நிரல் நான்கு தேர்ந்த போக்கர் ஆட்டக்காரர்களை வென்றது. அதை உறுதியாகச் சொல்ல 1,20,000 ஆட்டங்கள் ஆடப்பட்டன. நூறு, இருநூறு ஆட்டங்களின் முடிவில் திறமையைவிட அதிர்ஷ்டமே பெரிதாகத் தெரியும். இதனால்தான் ஒரு மேசைக்குக் கொண்டு செல்லும் தொகையைப் போல் 20 முதல் 30 மடங்கு தனியே இருக்க வேண்டும் என்று போக்கர் நூல்கள் பொதுவாகக் கூறும். முதல் வாரம் வென்றவர் தம்மைத் திறமைசாலி என்று நம்பி விடுதிக் கட்டணத்தை எடுத்துப் போடுவதும், தோற்றவர் விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்குவதும் இந்தக் கணக்கை அறியாததால் நேர்பவை.

தமிழ்நாட்டில் சட்டம் கடந்து வந்த பாதை

ரம்மி பெரிதும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று ஆந்திரப் பிரதேச அரசு எதிர் சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1968ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்புகளில் இத்தீர்ப்பு உள்ளது. மனமகிழ் மன்றங்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் தீர்ப்பு இது. ஆனால் ஆட்டத்திலிருந்து மன்றமே இலாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியது. அந்தப் பகுதி பலர் கண்ணில் படுவதில்லை.

பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகள் செய்தியான நிலையில், 2020 நவம்பரில் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. அதன் இடத்தில் 2021இல் இயற்றப்பட்ட சட்டத்தை அவ்வாண்டு ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022இல் அறிக்கை அளித்தது. அதன் பின் இயற்றப்பட்ட புதிய சட்டத்தை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச் 23 அன்று சட்டமன்றம் அதை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதன் அட்டவணையில் ரம்மியும் போக்கரும் வாய்ப்பை நம்பிய ஆட்டங்களாகக் குறிக்கப்பட்டிருந்தன. 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, அந்த அட்டவணையை மட்டும் நீக்கியது. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டத்துக்குத் தடை, ஆதார் சரிபார்ப்பு ஆகிய விதிகள் வந்தன. அவ்வாண்டு ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் அவற்றை உறுதி செய்தது.

2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். திறமையா, வாய்ப்பா என்ற வேறுபாட்டை இச்சட்டம் பார்ப்பதில்லை. பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் நடத்துவது குற்றம்: மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவரை இச்சட்டம் தண்டிப்பதில்லை. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

மாணவர்கள் கவனத்திற்கு

நிகழ்தகவு, சேர்வுகள், சராசரி ஆகியவற்றைக் கற்க போக்கர் நல்ல கருவி. அதற்குப் பணம் தேவையில்லை. ஒரு சீட்டுக்கட்டும் ஒரு கை புளியங்கொட்டையும் போதும். வெளிநாட்டுத் தளங்களில் கட்டிய பணம் திரும்பாவிட்டால் இங்கே கேட்பதற்கு வழி அரிது. இணையத்தில் பணம் ஏமாற்றப்பட்டால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம். இழப்பாலும் கடனாலும் மனம் உடைந்தவர்கள் 104 அல்லது 14416 என்ற எண்களில் எந்நேரமும் பேசலாம். தமிழிலேயே உதவி கிடைக்கும்.