விரைந்து ஓட வேண்டுமா? மெதுவாக ஓடுங்கள்!

"பதறாத காரியம் சிதறாது" என்பது நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. அடுப்படிக்கும் கலியாணப் பந்தலுக்கும் இது பொருந்தும் என்பதை எல்லோரும் ஒப்புக் கொள்வோம். ஓட்டப் பந்தயத்துக்கும் பொருந்தும் என்று சொன்னால் மட்டும் நம் வாலிபர்கள் நகைப்பார்கள். "ஓட்டம் என்றாலே வேகந்தானே? வேகமாய் ஓடித்தானே வேகத்தைப் பழக வேண்டும்?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமாகவே தோன்றுகிறது. ஆயினும், நெடுந்தூர ஓட்டத்தில் புகழ் பெற்றவர்களின் சரித்திரம் வேறு விதமாகச் சொல்கிறது.

இது வெறும் விளையாட்டு விஷயமன்று. தமிழ்நாட்டில் போலீஸ் காவலர் தேர்வுக்குப் போகும் ஆண்கள், எழுத்துத் தேர்வில் தேறிய பின், 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிஷத்துக்குள் ஓடிக் காட்ட வேண்டும். பல மாதங்கள் இரவு கண் விழித்துப் படித்த படிப்பின் பலன் அந்த 7 நிமிஷத்தில் தங்கும். அல்லது போய் விடும். எழுத்துத் தேர்வின் முடிவு வெளியான மறுநாள் காலையில் நம் ஊர் மைதானங்களைப் பார்க்க வேண்டும்! அதுவரை ஓடியே அறியாத பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஓடுகிறார்கள். முதல் சுற்றில் குதிரைப் பாய்ச்சல். இரண்டாம் சுற்றில் மூச்சு முட்டல். மூன்றாம் சுற்றில் இடுப்பைப் பிடித்துக் கொண்டு நடை. மறுநாளும் இதே கதை. பத்து நாளில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி காண்கிறது. மூன்றாம் வாரம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தைலம் தேய்த்துக் கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை. முறை தெரியாததுதான் குறை.

அந்த முறையை உலகுக்குக் காட்டியவர்களுள் முக்கியமானவர் நியூஜிலாந்து தேசத்து ஆர்தர் லிடியார்டு. 1917-இல் பிறந்த இவர், ஆக்லாந்து நகரத்தில் பாதரட்சைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். ரக்பி ஆட்டம் ஆடியவராதலால் தம் தேகம் திடமானது என்றே நம்பியிருந்தார். ஒரு நாள் நண்பர் ஒருவருடன் 5 மைல் ஓடிப் பார்த்தார். நெஞ்சு வெடித்து விடும் போலாயிற்று. வாலிப வயதிலேயே இப்படியென்றால் பிற்காலத்தில் என்ன கதி என்ற கவலை அவரைப் பற்றிக் கொண்டது. அதன் பிறகு பல ஆண்டுகள் தம் உடம்பையே சோதனைச் சாலையாக்கிக் கொண்டார். குறைவாகவும் ஓடிப் பார்த்தார். வாரத்துக்கு 200 மைலுக்கு மேலும் ஓடிப் பார்த்தார். மூச்சுத் திணறாத ஓட்டத்தை மாதக் கணக்கில் அஸ்திவாரமாகப் போட்டு, வேகத்தை அதன்மேல் கடைசியில் கட்ட வேண்டும் என்பதே அவர் கண்ட முடிவு. 1953-லும் 1955-லும் அவரே தம் நாட்டின் மாரத்தான் வீரரானார்.

ரோமாபுரியில் 1960-இல் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் அவருடைய முறை பரீட்சைக்கு வந்தது. செப்டம்பர் 2-ந் தேதி அவருடைய சீடர் பீட்டர் ஸ்நெல் 800 மீட்டரில் தங்கப் பதக்கம் பெற்றார். அன்றைக்கே இன்னொரு சீடர் மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரில் தங்கம் பெற்றார். ஹால்பெர்க் ரக்பி ஆட்டத்தில் அடிபட்டு இடது கை சூம்பிப் போனவர்! சில நாள் கழித்து பாரி மாகீ என்ற மூன்றாவது சீடர் மாரத்தானில் மூன்றாவதாக வந்தார். இதில் வியப்பு யாதெனில், இரண்டு நிமிஷத்துக்குள் முடியும் 800 மீட்டருக்காக ஸ்நெல்லும் 22 மைல் மலைப்பாதையில் ஓடிப் பழகியிருந்தார் என்பதே.

இதன் காரணம் என்ன? நூறு மீட்டர் ஓட்டத்துக்கு வேண்டிய சக்தியைத் தசைகள் பெரும்பாலும் தங்கள் சேமிப்பிலிருந்தே எடுத்துக் கொள்கின்றன. ஏழு நிமிஷ ஓட்டத்துக்கு அந்தச் சேமிப்புப் போதாது. அதற்கு வேண்டிய சக்தியில் நான்கில் மூன்று பங்குக்கு மேல், நாம் சுவாசிக்கும் பிராணவாயுவைக் கொண்டே உண்டாக வேண்டும். மெதுவாக நெடுநேரம் ஓடும்போது, இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை அனுப்பப் பழகுகிறது. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் புதிதாய்க் கிளைக்கின்றன. வாய்க்காலை அகலப்படுத்தாமல் மதகைத் திறந்து விட்டால் கரைதானே உடையும்? மேலும், மூச்சுச் சில வாரங்களில் தேறி விடும்; எலும்பும் தசைநாரும் தேற மாதங்கள் செல்லும். மூச்சு இடங்கொடுக்கிறது என்று எலும்பை விரட்டுவதன் பலனே முன்னெலும்பு வலி.

எவ்வளவு மெதுவாக ஓடுவது? பக்கத்தில் ஓடும் தோழனுடன் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், அதுவே அளவு. பேச்சுத் தடைப்பட்டால் வேகம் மிஞ்சி விட்டது என்று பொருள். இந்த முறையில், 1960-களின் தொடக்கத்தில், இருதய நோய் கண்ட நடுவயதினரைக்கூட லிடியார்டு ஆக்லாந்தில் படிப்படியாக ஓட வைத்தார். அதைக் கண்டு சென்ற பில் பவர்மன் என்ற பயிற்சியாளர் மூலமாகவே மெல்லோட்டம் அமெரிக்காவில் பரவியது.

இனி, புதிதாகத் தொடங்குவோர் செய்ய வேண்டியதைச் சொல்வோம். முதல் மாதம், வாரத்தில் நான்கு நாள், 20 நிமிஷம் போதும்: 2 நிமிஷம் ஓட்டம், 1 நிமிஷம் நடை. இரண்டாம் மாதம் நடையைக் குறைத்துக் கொண்டே வந்து, 30 நிமிஷம் இடைவிடாது ஓடலாம். மூன்றாம் மாதத்தில், வாரத்துக்கு ஒரே ஒரு நாள், வேகத்தைச் சேர்க்க வேண்டும். 1500 மீட்டருக்கு 7 நிமிஷம் என்றால் 400 மீட்டர்ச் சுற்று ஒன்றுக்கு 1 நிமிஷம் 52 ஸெகண்டு. எனவே, ஒரு சுற்றை 1 நிமிஷம் 50 ஸெகண்டில் ஓடி, 2 நிமிஷம் நடந்து இளைப்பாறி, இவ்விதம் நான்கு முறை செய்க. வேகத்தைத் துண்டு துண்டாக்கிப் பழகும் இவ்வழியில் பெயர் பெற்றவர் செக்கோஸ்லோவாகியா தேசத்து எமில் ஸாடோபெக். இவரும் பாதரட்சைத் தொழிற்சாலையிலிருந்து வந்தவரே! 1952-இல் ஹெல்சிங்கியில் 5000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் ஜயித்தவர்.

வெயில் ஏறுமுன் ஓடுக. வலி கண்ட நாளில் ஓய்வு கொள்க. நாற்பது வயது கடந்தோரும் நெஞ்சு நோவு உள்ளோரும் வைத்தியரைக் கண்ட பின்பே தொடங்குக.

பெண் குழந்தைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. 1928-இல் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். அவர்கள் உடம்பு அதைத் தாங்காது என்று சொல்லி, 1960 வரையில் அந்தப் பந்தயத்தை நிறுத்தி வைத்தார்கள். 1984-இல் அதே ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தானே ஓடி முடித்தார்கள்! உடம்பு தாங்கிற்று, தாங்காது என்ற பேச்சுத்தான் நிற்கவில்லை.

நம் தேசத்தில் ஓடும் கால்களுக்குப் பஞ்சமில்லை. 1920-இலேயே ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக் மாரத்தானில் பெல்காம் பக்கத்துச் சௌகுலே 19-ஆவதாக வந்தார். 1976-இல் மாண்ட்ரீலில் சிவநாத் சிங் 11-ஆவதாக வந்தார். 1978-இல் அவர் 2 மணி 12 நிமிஷத்தில் ஓடி ஏற்படுத்திய தேசிய சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்றது. அவருக்குப் பெருமைதான், ஆனால் ஒரு தலைமுறைக்கு மேலாக அதை முறியடிக்க ஆள் வராதது நமக்குப் பெருமையா?

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை தேர்வுக்குப் புத்தகத்தைப் பிரிக்கும் நாளிலேயே மைதானத்துக்கும் அனுப்புங்கள். முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் மூன்று வாரந்தான் மிஞ்சும். கால்கள் கேட்பதோ மூன்று மாதம். அவன் மெதுவாக ஓடுகிறானே என்று எவரேனும் நகைத்தால், நகைக்கட்டும். மூன்று மாதம் கழித்து வந்து பார்க்கச் சொல்லுங்கள்.