`கிளாம்ப் மீட்டருக்குத் தெரியாத கரன்ட்!' - சிங்கப்பெருமாள் கோவில் பட்டறையில் வேவு பார்க்கும் குட்டி போர்டு

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி ரோட்டை விட்டு ஒரகடம் பக்கம் திரும்பினால், எதிரில் வரும் லாரிகளில் பாதி வாகன உதிரிபாகங்களைச் சுமந்துதான் வரும். ரெனோ நிஸான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என்று பெரிய பெயர்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான். அந்தக் கம்பெனிகளுக்கு வேலை செய்யும் கம்பெனிகளுக்கு வேலை செய்யும் சின்னப் பட்டறைகள் ஊரைச் சுற்றி இருக்கின்றன. என் மாமாவுடையதும் அப்படி ஒன்று. மூன்று சி.என்.சி மெஷின், ஒரு கம்ப்ரஸர், எட்டு ஆட்கள்.

போன வருஷம் அவர் பேனலில் மூன்று கெபாசிட்டர்கள் அடுத்தடுத்துப் போயின. வெடிக்கவில்லை, வயிறு உப்பிச் செத்துப்போயின. எலெக்ட்ரீஷியன் வந்து கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "கரன்ட் எல்லாம் நார்மல்தான் அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"நார்மல்னா இது ஏம்மா உப்புது? நீ பத்திரிகையிலதானே இருக்கே, யாரையாவது விசாரிச்சு சொல்லேன்" என்றார் மாமா. அப்படி ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

குற்றவாளியின் பெயர் ஹார்மோனிக்ஸ். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும் அலை. பழைய குண்டு பல்பு அந்த அலையை அப்படியே சீராகக் குடிக்கும். சி.என்.சி மெஷினின் டிரைவ், எல்.இ.டி பல்பு, போன் சார்ஜர் எல்லாம் அப்படியில்லை. அலை உச்சிக்கு வரும்போது மட்டும் மடக்கென்று ஒரு வாய் குடித்துவிட்டு மீதி நேரம் சும்மா இருக்கும். அந்த மடக்குகளால் அலையின் வடிவம் கெட்டுப்போகிறது. கெட்ட வடிவத்தைப் பிரித்துப் பார்த்தால், 50 ஹெர்ட்ஸோடு 250, 350, 550, 650 ஹெர்ட்ஸ் அலைகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்று ஃபேஸ் டிரைவ்களின் கைரேகை இது. ஐந்தாவது, ஏழாவது, பதினொன்றாவது, பதின்மூன்றாவது ஹார்மோனிக் என்பார்கள். இதில் ஐந்தாவது கொஞ்சம் விவகாரமான ஆள். மோட்டாரை எதிர்த்திசையில் சுற்றப் பார்க்கும். மோட்டார் நிற்காது, சூடாகும்.

சரி, கெபாசிட்டர் ஏன் சாகிறது? பவர் ஃபேக்டர் 0.85-க்குக் கீழே போனால் பில்லில் கூடுதல் கட்டணம் ஏறும் என்பதால்தான் பட்டறைக்காரர்கள் கெபாசிட்டர் மாட்டுகிறார்கள். அதிர்வெண் ஏற ஏற, கெபாசிட்டர் காட்டும் தடை குறையும். 250 ஹெர்ட்ஸில் அது ஐந்தில் ஒரு பங்குதான். வோல்டேஜில் 5% ஐந்தாவது ஹார்மோனிக் இருந்தாலே, கெபாசிட்டருக்குள் 25% அளவுக்கு ஒரு கூடுதல் கரன்ட் ஓடும். இதற்கு மேல் ஒத்திசைவு என்கிற ஆபத்தும் உண்டு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் உயரம் ஏறிக்கொண்டே போகுமே, அதேதான். 4% இம்பீடன்ஸ் உள்ள 250 கே.வி.ஏ டிரான்ஸ்ஃபார்மரில் 50 கே.வி.ஏ.ஆர் கெபாசிட்டர் மாட்டினால், கணக்குப்படி பதினொன்றாவது ஹார்மோனிக் பக்கத்தில் ஊஞ்சல் ஆட ஆரம்பிக்கும். பில்லைக் குறைக்க மாட்டிய பொருளே பேனலைச் சுடுகிறது.

எலெக்ட்ரீஷியன் அண்ணன் பொய் சொல்லவில்லை. விலை குறைந்த கிளாம்ப் மீட்டர்கள் பல, அலை சுத்தமாக இருக்கிறது என்று நம்பித்தான் கணக்குப் போடும். கெட்ட அலையில் அவை குறைத்தே காட்டும். சரியாக அளக்கும் பவர் அனலைசர்களோ லட்சங்களில் விலை.

இங்கேதான் மைக்ரோகன்ட்ரோலர் வருகிறது. எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் என் சித்தி பையன், ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்கு ஒரு இ.எஸ்.பி-32 போர்டு வாங்கி வந்தான். கேபிளைச் சுற்றிக் கவ்வும் ஒரு சி.டி, வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர், சில ரெசிஸ்டர்கள், அவ்வளவுதான். (பேனலைத் திறந்து மாட்டியது அவன் இல்லை, லைசென்ஸ் உள்ளவர். நீங்களும் அதையே செய்யுங்கள்.)

போர்டின் வேலை, அலையை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை 'போட்டோ' எடுப்பது. 50-வது ஹார்மோனிக் வரை, அதாவது 2,500 ஹெர்ட்ஸ் வரை பார்க்க, நொடிக்கு 5,000-க்கு மேல் வேண்டும். பத்து அலைகள் சேர்ந்த 200 மில்லிசெகண்ட் துண்டை எடுத்து, அதில் எந்த அலை எவ்வளவு கலந்திருக்கிறது என்று கணக்குப் போடும். இப்படிப் பிரிக்கலாம் என்ற யோசனை, வெப்பத்தைப் பற்றி 1822-ல் புத்தகம் எழுதிய ஃபூரியேவுடையது. அதைக் குட்டி சிப்பும் செய்யும் அளவுக்கு வேகமாக்கியது 1965-ல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட முறை. மெயின் அலை 100 ஆம்பியர், ஐந்தாவது 30, ஏழாவது 15, பதினொன்றாவது 8 என்றால், மொத்தச் சிதைவு சுமார் 34.5% என்று சொல்லிவிடும்.

முதல் வாரம் வந்த எண்கள் குப்பை. கிரிட் எப்போதும் சரியாக 50-ல் நிற்பதில்லை, 49.9, 50.05 என்று நகரும். துண்டு முழு அலைகளில் முடியாவிட்டால் இல்லாத ஹார்மோனிக் எல்லாம் தெரியும். அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தோடு துண்டைப் பூட்டிய பிறகுதான் சரியானது. இ.எஸ்.பி-32-ன் அளவீட்டுப் பகுதியும் அவ்வளவு நேர்மையானது இல்லை. அதனால் ஒரு நாள் அனலைசரை வாடகைக்கு எடுத்து ஒப்பிட்டுத் திருத்தினான். அப்படியும் இது வீட்டு வைத்தியம்தான். உயரழுத்த இணைப்பு உள்ள ஆலைகள் வரம்பை மீறினால் கட்டணத்தில் 15% இழப்பீடு கட்டவேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. மத்திய மின்சார ஆணையம் 2007-ல் கொண்டுவந்த விதியில், வோல்டேஜில் மொத்தம் 5%, தனி ஹார்மோனிக் 3% தாண்டக் கூடாது என்று இருந்தது. அதற்கெல்லாம் மின்வாரியம் தன் தரமான மீட்டரில் அளப்பதுதான் கணக்கு. நம் போர்டைக் காட்டி வாதாட முடியாது.

ஆனால், மாமாவுக்கு வேண்டியது வழக்கு இல்லை, காரணம். ஐந்தாவது ஹார்மோனிக் தலைதூக்கி நிற்பது திரையில் தெரிந்தது. வெறும் கெபாசிட்டரை மறுபடி மறுபடி வாங்குவதற்குப் பதில், 7% ரியாக்டரோடு சேர்த்து மாட்டச் சொன்னார்கள். அப்போது ஒத்திசைவு 189 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, ஐந்தாவதின் கைக்கு எட்டாமல் போகும். கெபாசிட்டர் மேல் வோல்டேஜ் ஏறும் என்பதால் அதையும் அதிக வோல்டேஜ் தாங்குவதாக வாங்கவேண்டும். செலவு கூடத்தான்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் சித்தி பையன் இன்னொரு கிராஃபைக் காட்டினான். மத்தியானம் ஒன்றிலிருந்து ஒன்றரை, சாப்பாட்டு நேரம். மாமாவின் மெஷின்கள் எல்லாம் ஆஃப். கரன்ட் கோடு தரையோடு படுத்திருக்கிறது. வோல்டேஜில் மட்டும் ஐந்தாவது ஹார்மோனிக் கொஞ்சமும் குறையவில்லை. அதே டிரான்ஸ்ஃபார்மரில் வேறு சில பட்டறைகளும் இருக்கின்றன.

மாமா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிரின்ட் போட்டுக் குடுடா தம்பி. பக்கத்துப் பட்டறைக்காரர்கிட்ட சண்டைக்கு இல்ல, அவருக்கும் போன மாசம் கெபாசிட்டர் போச்சு" என்றார்.