பழுதுநீக்குநர் பேச்சும் நிறுவனக் கற்றலும்

ஒரு நிறுவனத்திற்குள் தகவல் பரவுவதும் அறிவு பரவுவதும் ஒன்றல்ல. தகவலைச் சுற்றறிக்கையாக அனுப்பிவிடலாம். அறிவு பரவுவதற்கோ அதற்கேற்ற மொழிவடிவம் வேண்டும். ஜெராக்ஸ் நிறுவனப் பழுதுநீக்குநர் பற்றிய ஆய்வைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்குவதாக இக்கட்டுரை அமைகிறது.

அந்நிறுவனத்தின் ஆய்வு மையத்தைச் சார்ந்த மானிடவியலார் ஜூலியன் ஆர், நகலெடுக்கும் எந்திரங்களைச் செப்பனிடுவோருடன் சென்று களஆய்வு நிகழ்த்தினார். ‘எந்திரங்களைப் பற்றிப் பேசுதல்’ என்னும் பொருளுடைய தலைப்பில் அவ்வாய்வு 1996இல் நூலாக வெளிவந்தது. பழுதுநீக்குநருக்கு நிறுவனம் கையேடு வழங்கியிருந்தது. எனினும், கையேட்டை எழுதியோர் எதிர்பாராத பழுதுகள் தோன்றியபோது, அவர்கள் தமக்குள் சொல்லிக்கொண்ட பணிக்கதைகளே வழிகாட்டின. எந்திரம் காட்டிய பிழைக்குறியீடு உண்மைப் பழுதோடு பொருந்தாதிருந்த ஒரு நேர்வில், பழுதுநீக்குநரும் வல்லுநரும் முன்பு கண்ட நிகழ்ச்சிகளை மாறிமாறிக் கூறியே காரணத்தைக் கண்டறிந்தனர்.

இவ்விரு வடிவங்களும் மொழியமைப்பில் வேறுபடுகின்றன. கையேட்டின் மொழி நிபந்தனையும் ஏவலுமாக அமைவது; ‘விளக்கு எரிந்தால் பலகையை மாற்றுக’ என்பது போன்றது. இதில் செய்தவர் இல்லை, காலம் இல்லை, காரணமும் இல்லை. கதையோ இறந்தகாலத்தில் அமைவது. யார், எங்கே, எதை முதலில் முயன்றார், அது ஏன் பயன்படவில்லை என்பனவெல்லாம் அதில் இடம்பெறும். தோல்வியுற்ற முயற்சியும் சொல்லப்படுவதால், கேட்பவர் புதிய சூழலுக்கேற்ப அதனை மாற்றிப் பயன்படுத்த இயல்கிறது. புத்தாக்கத்தின் தொடக்கம் இதுவே எனலாம்.

1990களில் அந்நிறுவனம் ‘யுரேகா’ என்னும் அமைப்பைப் பிரான்சில் தொடங்கிப் பின்னர்ப் பிற நாடுகளுக்கும் விரிவாக்கியது. பழுதுநீக்குநர் தாம் கண்ட தீர்வை எழுதி அனுப்புவர், துறையறிந்தோர் சரிபார்ப்பர், எழுதியவர் பெயருடன் அது அனைவருக்கும் கிடைக்கும். நேரில் இருந்தோர் மட்டும் கேட்ட பேச்சு, இவ்வாறு தொலைவிலிருந்தோருக்கும் பயன்பட்டது.

ஆயினும் சிக்கல், காரணம், தீர்வு எனச் சுருக்கும்போது தயக்கமும் தவறிய முயற்சியும் உதிர்ந்துவிடக்கூடும். எனவே எழுத்துப்பதிவு பேச்சுக்குத் துணையாகலாமே அன்றி ஈடாகாது. பணியிடைப் பேச்சை வீண்பொழுதெனக் கருதி ஒடுக்கும் நிர்வாகம், தன் ஊழியர் கற்கும் வழியையே அடைத்துவிடுகிறது.