குகையில் பிறந்த பெயர்

கோடைக்கானலில் தூண் பாறையைக் கண்டவர்கள் அடுத்தபடியாக விசாரிப்பது குணா குகையைத்தான். முன்பு ஆங்கிலத்தில் அதற்குப் 'பிசாசின் சமையலறை' என்று பெயர். 1991-இல் வெளிவந்த 'குணா' படம் அதை மாற்றிவிட்டது. அப்படத்திற்கு வாலி இயற்றி, இளையராஜா இசையமைத்த காதற் கீதத்தை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். பாட்டென்பதா, கடிதமென்பதா? கமல்ஹாசன் வசனமாய்ப் பிதற்ற, எஸ். ஜானகியின் குரலில் அப்பிதற்றலே ராகமாகிறது. வித்வத்தைக் காட்டாத அந்தக் குழைவுக்கு ஈடு ஏது!

2006-இல் கேரளத்து வாலிபர் ஒருவர் அங்குள்ள ஆழ்ந்த பிளவில் வீழ்ந்தார்; தோழர் ஒருவர் கயிற்றில் இறங்கி மீட்டார். 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்னும் மலையாளப் படம் அச்சம்பவத்தைக் காட்டி, அதே கீதத்தை ஒலிக்கச் செய்தது. காதலிக்கு எழுதிய கடிதம் நண்பனுக்கும் பொருந்திற்று; என் அருகிலிருந்தோர் கண் துடைத்தனர். குகை வாயிலோ இன்று வேலியிட்டிருக்கிறது. எட்ட நின்றே பார்க்கலாம்.