மூவாயிரம் பேருக்கு ஒரு நகராட்சி

பிலிப்பைன்ஸ் நாட்டின் வடகோடி நகராட்சி இத்பயாட். படானெஸ் மாகாணத்தின் ஆறு நகராட்சிகளில் இதுவும் ஒன்று. பரப்பளவிலும் மக்கள்தொகையிலும் அந்நாட்டின் மிகச் சிறிய மாகாணம் படானெஸ். அதன் தீவுகளில் பெரியது இத்பயாட்தான். நகராட்சியின் பரப்பு சுமார் 83 சதுர கிலோமீட்டர். ஆனால் 2020 கணக்கெடுப்பின்படி இங்கே வாழ்பவர்கள் 3,128 பேர் மட்டுமே. மாகாண மக்களில் பாதிப்பேர் படான் தீவிலுள்ள தலைநகர் பாஸ்கோவில் இருக்கிறார்கள்.

இடமிருந்தும் ஆள் சேராததற்குக் காரணம் கரைதான். எரிமலைப் பாறையின் மேல் வளர்ந்த பவளப்பாறை கடலிலிருந்து மேலெழும்பி உருவான தீவு இது. அதனால் இதற்குக் கடற்கரை என்று சொல்லத்தக்க மணல்வெளி கிடையாது. சுற்றிலும் செங்குத்தான பாறைச் சுவர். சினாபோலிரான், பகனாமான் போன்ற சில இடங்களில் பாறையைக் குடைந்து சிமெண்டுச் சரிவு போட்டிருக்கிறார்கள். படகு அந்தச் சரிவை ஒட்டி வந்து நிற்க, அலை அதை உயரத் தூக்கும் நொடியில் பயணி கரைக்குத் தாவ வேண்டும். தவறினால் அடுத்த அலைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். மூட்டை முடிச்சுகள் கைமாறிக் கைமாறி மேலே போகும்.

பாஸ்கோவிலிருந்து 'ஃபலோவா' எனப்படும் உருண்ட அடிப்பாகம் கொண்ட மரப்படகில் வந்தால் மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். பசிபிக் பெருங்கடலும் தென்சீனக் கடலும் சந்திக்கும் இடம் என்பதால் நல்ல நாளிலேயே படகு ஆடும். நவம்பரில் தொடங்கி வீசும் வடகிழக்குப் பருவக்காற்றின்போது நாள்கணக்கில் படகு ஓடாது. தெற்கே ராயேலேயில் ஒரு சிறு விமான ஓடுதளம் உண்டு. சிறு விமானம் கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஆனால் கடலில் படகு ஓடாத வானிலையில் விமானமும் பெரும்பாலும் பறக்காது.

ஐந்து 'பரங்காய்'கள் சேர்ந்தது இந்த நகராட்சி. பரங்காய் என்பது அந்நாட்டின் ஆகக் கீழ்நிலை ஆட்சி அலகு. கிராமம் என்றே கொள்ளலாம். சான்டா மரியா, சான்டா லூசியா, சான்டா ரோசா, சான் ரஃபேல் ஆகிய நான்கும் தீவின் நடுவிலுள்ள கிண்ணம் போன்ற பள்ளத்தில், மாயான் என்னும் ஊர்மையத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ராயேலே மட்டும் விலகித் தெற்கே இருக்கிறது. கடலோரம் யாரும் குடியிருப்பதில்லை. தீவுக்காரர்கள் என்றாலும் இவர்கள் முதலில் விவசாயிகள், பிறகுதான் மீனவர்கள். சர்க்கரைவள்ளி, பெருவள்ளி, சேம்பு ஆகிய கிழங்குகள் மண்ணுக்குள் விளைவதால் சூறாவளிக்குத் தப்பும். அதனால் அவையே அடிப்படை உணவு. அரிசி பெரும்பாலும் வெளியிலிருந்து வர வேண்டும். விற்கப் போவது மாடும் பூண்டும். சுண்ணாம்புப் பாறை தண்ணீரை உறிஞ்சிக் கீழே விட்டுவிடுவதால் மழைநீர்த் தொட்டி இல்லாமல் வீடு நடத்த முடியாது.

இன்றைக்கு எட்ட முடியாத மூலையாகத் தெரியும் இதே தீவு ஒரு காலத்தில் கடல்வழியின் நடுவே இருந்தது. பீட்டர் பெல்வுட், யூசெபியோ டிசோன் ஆகியோரின் குழு 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் இங்கே அகழாய்வு செய்தது. தொரோங்கான் குகையில் மிகப் பழைய மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. அனாரோ என்னும் குன்றில் பச்சைக்கல் அறுத்த பட்டறையின் கழிவுகள் கிடைத்தன. அந்தக் கல் தைவானின் கிழக்கே ஃபெங்தியான் சுரங்கத்தைச் சேர்ந்தது என்று வேதியியல் ஆய்வு காட்டியது. தைவானிலிருந்து கல்லைக் கொண்டுவந்து காதணி செதுக்கும் அளவுக்குப் போக்குவரத்து இருந்திருக்கிறது. தைவானுக்குச் சொந்தமான லான்யூ தீவில் வாழும் தாவோ மக்களின் மொழியும் இத்பயாட் மக்களின் மொழியும் இன்றும் நெருங்கிய உறவுடையவை. நடுவில் எல்லைக்கோடு விழுந்த பிறகுதான் இத்பயாட் ஒதுக்குப்புறம் ஆனது.

படானெஸ் என்றதும் சுற்றுலா விளம்பரங்களில் வருவது தடித்த கல்சுவரும் கோகன் புல் கூரையும் கொண்ட வீடு. அது தொன்றுதொட்டு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. 1687இல் இத்தீவுக் கூட்டத்தில் தங்கிய ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் அங்கே கண்டவை மரக்கழியும் தட்டியும் வைத்துக் கட்டிய, சுவர் ஆள் உயரம்கூட இல்லாத சிறு வீடுகள். 1783இல் ஸ்பானிய ஆட்சி இங்கே நிலைகொண்ட பிறகுதான் சுண்ணாம்பு சுட்டுக் கல்சுவர் எழுப்பும் முறை பரவியது. சூறாவளிக்கு அது நல்ல மருந்தாக இருந்தது. 2016 செப்டம்பர் 14 அதிகாலையில் மெராந்தி சூறாவளி நேரே இத்பயாட்டின் மேல் ஏறிக் கடந்தது. அந்த ஆண்டு உலகின் மிகக் கடுமையான சூறாவளிகளில் அது ஒன்று. தொலைத்தொடர்பு அறுந்து தீவு வெளியுலகத்துக்குத் தெரியாமல் போனது. அவ்வளவு காற்றுக்கும் தடித்த கல்சுவர்கள் காவலாக நின்றன.

மூன்றே ஆண்டுகளில் அதே சுவர் ஆளைக் கொன்றது. 2019 ஜூலை 27 விடியலுக்கு முன், ஊர் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் 5.4 அளவில் ஒரு நிலநடுக்கம். சில மணி நேரத்தில் 5.9 அளவில் இன்னொன்று. கம்பி இல்லாமல் கல்லையும் சுண்ணாம்பையும் மட்டும் நம்பி நின்ற சுவர்கள் சரிந்தன. 9 பேர் இறந்தார்கள். அறுபதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சான்டா மரியா தேவாலயத்தின் மணிக்கூண்டு இடிந்தது. மருத்துவமனைக் கட்டடமும் சேதமானதால் நோயாளிகளை வெளியே கிடத்தினார்கள். பின்னதிர்வுக்குப் பயந்து ஊரே நகராட்சித் திடலில் கூடாரம் போட்டுத் தங்கியது. மூவாயிரம் பேர் உள்ள ஊரில் ஒன்பது சாவு என்றால் இழவு விழாத உறவு இல்லை. காற்றுக்கும் நடுக்கத்துக்கும் ஒருசேரத் தாங்கும் வீடு, அதுவும் படகில் ஏற்றக்கூடிய பொருளைக் கொண்டு, எப்படிக் கட்டுவது என்பது இன்றைக்கும் எளிய கேள்வி அல்ல.

இந்தச் சின்னத் தீவை ஆள்வதற்கான ஏற்பாடு சின்னதல்ல. பிலிப்பைன்ஸின் 1991 உள்ளாட்சிச் சட்டம் நகராட்சி எதுவானாலும் ஒரே சட்டையை மாட்டுகிறது. மேயர், துணை மேயர், எட்டு உறுப்பினர்கள், எல்லோருக்கும் மூன்றாண்டுப் பதவிக்காலம். ஒவ்வொரு பரங்காய்க்கும் ஒரு தலைவரும் ஏழு உறுப்பினர்களும். ஐந்து பரங்காய்களையும் கூட்டினால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 50 பேர். இளைஞர் மன்றங்களைச் சேர்த்தால் இன்னும் 40 பேர். ஏறத்தாழ 35 பேருக்கு ஒரு பிரதிநிதி! மருத்துவம், வேளாண் உதவி, சமூக நலம் போன்ற பொறுப்புகளும், கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரையுள்ள கடலில் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் இந்த நகராட்சியிடமே உள்ளன.

வேடிக்கை என்னவென்றால், அதே சட்டப்படி இன்று இத்பயாட்டைப் புதிதாக நகராட்சி ஆக்க முடியாது. புது நகராட்சிக்குக் குறைந்தது 25,000 மக்கள் வேண்டும். தீவு என்றால் பரப்பளவு விதியிலிருந்து விலக்கு உண்டு. மக்கள்தொகை விதியிலிருந்து இல்லை. முன்பே இருந்த நகராட்சி என்பதால் இத்பயாட் தப்பித்தது. தப்பித்தது நல்லதே. படகு ஓடாத ஒரு வாரத்தில் மருத்துவரை அழைக்கவும் அரிசியைப் பங்கிடவும் பாஸ்கோவிலிருந்து யாரும் வந்து உத்தரவிட முடியாது. முடிவெடுக்கும் ஆள் தீவிலேயே இருந்தாக வேண்டும்.

நிர்வாகம் ஓடுவது உள்ளூர் வரியில் அல்ல. மாடு மேய்க்கும் தீவில் எவ்வளவு வரி தேறும்? தேசிய வரி வருவாயில் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் போகிறது. அதில் 34 விழுக்காடு நகராட்சிகளின் பங்கு. 2018இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் சுங்க வரியும் கணக்கில் சேர, 2022 முதல் தொகை கூடியது. நகராட்சிகளுக்குள் இதைப் பிரிக்கும் கணக்கில் மக்கள்தொகைக்குப் பாதி, பரப்பளவுக்குக் கால், எல்லோருக்கும் சமமாகக் கால். இத்பயாட்டைத் தாங்குவது கடைசிக் கால் பங்குதான்.

அண்மைக் காலமாகத் தலைநகர் மணிலாவின் பார்வை இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. காரணம் மீனும் அல்ல, பூண்டும் அல்ல. நாட்டின் வடக்கெல்லையான மாவுலிஸ் தீவு இந்த நகராட்சிக்கு உட்பட்டது. அங்கிருந்து தைவானின் தென்முனை சுமார் 140 கிலோமீட்டர். ஆள் குடியில்லாத அத்தீவில் மீனவர் தங்குமிடமும் தேசியக் கொடியும் வந்தன. 2024 மே மாதம் 'பாலிகாதான்' கூட்டுப் பயிற்சியில் அமெரிக்க, பிலிப்பைன்ஸ் வீரர்கள் மாவுலிஸிலும் இத்பயாட்டிலும் இறங்கினார்கள். ஹெலிகாப்டர் வைத்திருப்பவர்களுக்குக் கரை ஒரு தடையல்ல.

தீவில் வேளாண் உயர்நிலைப்பள்ளி இருக்கிறது. கல்லூரிக்குப் பாஸ்கோவுக்கோ லூசோன் பெருந்தீவுக்கோ போக வேண்டும். போனவர்களில் பலர் அங்கேயே வேலை தேடிக்கொள்கிறார்கள். அப்படிப் போகும் ஒவ்வொருவரும் நிதிக் கணக்கின் மக்கள்தொகைப் பகுதியில் ஒரு தலையைக் குறைக்கிறார். ஒரு மூட்டை சிமெண்டு பாஸ்கோவில் என்ன விலை, அலையில் ஆடும் படகிலிருந்து கைமாறி மாயானுக்கு வந்து சேர்ந்தால் என்ன விலை என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. தலையை எண்ணும் சட்டம் கடல் தூரத்தையும் எண்ண வேண்டும். அடுத்த திருத்தம் தொடங்க வேண்டிய இடம் அது.